புடுங்காதீங்கய்யா!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுத் திண்ணையில பஞ்சாயத்து நடந்தது. குற்றவாளி பேர் மணி, வயசு அஞ்சு மாசம், நிறம் பழுப்பு, இனம் சுத்தமான காவாந்தண்டலம். குற்றம்: வாயில வெச்சிருந்த பந்தைத் திருப்பிக் குடுக்காதது, புடுங்க வந்த பாப்பாவோட கையில பல்லு பதிச்சது. எதிர்த்தரப்புல அம்மா, அப்பா, ஆயா, சித்தப்பா, சித்தி, வழியோட போன பால்காரர். குற்றவாளிக்கு வக்கீலா நான் ஒருத்தன். தீர்ப்பு சொல்ல அஞ்சு நிமிஷம் கூட ஆகலை. "செய்யாத்துக்கு அந்தாண்ட கொண்டு போய் விட்டுட்டு வந்துடு."

உத்திரமேரூர் பக்கத்து ஊர்க்காரன் நான். வாரியத்துல இருந்துட்டு கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் மறுபடி நிக்கக் கூடாதுன்னு பராந்தக சோழன் காலத்துலயே (கி.பி. 919, 921) கல்லுல வெட்டி வெச்ச ஊரு அது. வாங்கினதைத் திருப்பி ஒப்படைக்காதவன் மேல எங்க பக்கத்துக்கு ஆயிரம் வருஷக் கோபம் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா மணியோட கேஸ்ல தப்பு பண்ணினது மணி இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நாய் பிடிக்காதவங்களும் படிங்க, உங்க வீட்டுக் குழந்தை கை சம்பந்தப்பட்ட விஷயம் இது.

முதல்ல பாப்பா. சித்தப்பா பொண்ணு, ஒன்பது வயசு. ரெண்டு பல் பதிஞ்சு லேசா ரத்தம். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவினோம். "சுண்ணாம்பு வை, மிளகாய்ப்பொடி வை"ன்னு கையில எடுத்துட்டு வந்த ஆயாவை வாசல்லயே மடக்கினேன். அன்னிக்கே அரசு ஆஸ்பத்திரி, அன்னிக்கே முதல் ஊசி. மணிக்கு மூணாவது மாசமே தடுப்பூசி போட்டாச்சு, இருந்தாலும் வெறிநாய்க்கடி விஷயத்துல சூதாட்டம் ஆடக் கூடாது. அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்து கிடையாது. இதுல எனக்கும் சித்தப்பாவுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

கருத்து வேறுபாடு அதுக்கு முந்தின ஒரு மாசத்தைப் பத்தி.

மணியை ஏரிக்கரையில எடுத்தப்ப ஒன்றரை மாசக் குட்டி. தாய் நாய் ரோட்டுல அடிபட்டுப் போச்சு. மூணு மாசத்துல எல்லாக் குட்டியும் பண்றதை இவனும் பண்ணினான். கீழ கிடக்கிற எல்லாத்தையும் வாயில தூக்கிட்டு ஓடுறது. செருப்பு, தேங்காய் மட்டை, அப்பாவோட கதர்த் துண்டு, ஒருநாள் என் லேப்டாப் சார்ஜர் (ஆபீஸ்ல என்ன காரணம் சொன்னேன்னு கேக்காதீங்க). அம்மா விளக்குமாத்தோட துரத்துவாங்க. அவன் வீட்டைச் சுத்தி, மாட்டுக் கொட்டாயைச் சுத்தி, வைக்கோப்போரைச் சுத்தி ஓடுவான். வால் ஆட்டிக்கிட்டே ஓடுவான். அந்த வாலைத்தான் யாரும் கவனிக்கலை.

கொஞ்சம் அவன் பக்கத்துல இருந்து பாருங்க. நாள் பூரா யாரும் இவன்கிட்ட விளையாட மாட்டாங்க. அம்மா சமையல், அப்பா கழனி, நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் சோழிங்கநல்லூர்ல ஆணி புடுங்கிக்கிட்டு இருப்பேன். ஒரு செருப்பை வாயில எடுத்த உடனே என்ன ஆகுது? மொத்த வீடும் வேலையைப் போட்டுட்டு இவன் பின்னாடி ஓடி வருது! இதைவிடப் பெரிய பரிசு ஒரு குட்டிக்கு உண்டா? நாம தண்டனைன்னு நினைச்சுக் குடுத்ததை அவன் விளையாட்டுன்னு வாங்கிக்கிட்டான். ஓடுறது எப்படின்னு அவனுக்கு ஒரு மாசம் உக்காந்து பாடம் எடுத்தது நாங்கதான்.

நாலு மாசம் ஆனப்ப சித்தப்பா ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தார். நாய் பழக்குறவராம். பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐநூறு ரூபாய். பந்தை வாயில திணிச்சாரு, மணி விடலைன்னதும் காதைக் கிள்ளினாரு. குட்டி கத்துற கத்துல பந்து தானா கீழ விழுந்தது. "பாத்தீங்களா, குடுத்துட்டான்"னாரு. அவன் குடுக்கலை சாமி, கத்துறதுக்கு வாயைத் திறந்தான்! இந்த வித்தியாசம் தெரியாத ஆளுக்குத்தான் என் காசு போச்சு. போறப்ப ஒரு தத்துவமும் சொல்லிட்டுப் போனார். "நாய்க்கு நீங்கதான் தலைவன்னு காட்டணும் சார். வாயைப் பிளந்து எடுங்க. உறுமினா ஒண்ணு போடுங்க. ஓநாய்க் கூட்டத்துல தலைவன் அப்படித்தான் பண்ணும்."

சித்தப்பாவுக்கு இது தேவ வாக்காப் போச்சு. அடியாத மாடு படியாதுன்னு நம்ம ஆளுங்களுக்கு ஏற்கெனவே ஒரு பழமொழி கையில இருக்கு, கூட ஓநாய் சயின்ஸும் சேர்ந்தா விடுவாங்களா? அடுத்த ஒரு மாசம் வீட்டுல எல்லாரும் தலைவனுங்க. போற வர்றவனெல்லாம் மணி வாயைப் பிளந்தான். அவன் பந்தை எடுத்துட்டு முன்ன மாதிரி வால் ஆட்டிக்கிட்டு ஓடலை. கட்டிலுக்கு அடியில போய் உடம்பை ஒடுக்கி உக்காந்து, கை நீட்டினா உறும ஆரம்பிச்சான். உறுமினதுக்கு அடி. அந்த ஞாயித்துக்கிழமை, அப்பா சொன்ன மாதிரியே பாப்பாவும் ரெண்டு கையையும் விட்டு அவன் வாயைப் பிளக்கப் போனா.

இப்ப சொல்லுங்க, யார் மேல கேஸ் போடணும்?

அந்த ஓநாய்க் கதைக்கு வர்றேன். பல வருஷமா நம்ம ஊர் யூட்யூப் வரைக்கும் ஓடிட்டிருக்கிற சரக்கு இது. ருடால்ஃப் ஷெங்கல்னு ஒருத்தர் சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பார்த்து 1947ல எழுதினது. ஒரே வேலிக்குள்ள போட்டு அடைச்சா ஓநாய் அடிச்சுக்கத்தான் செய்யும். மேன்ஷன்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரைப் போட்டா மனுஷன் அடிச்சுக்க மாட்டானா? அதை வெச்சு மனுஷ குடும்பம்னா இப்படித்தான்னு புத்தகம் எழுதுவீங்களா? டேவிட் மெக்னு ஓநாய் ஆராய்ச்சியில பெரிய ஆள், 1970ல வந்த தன்னோட புத்தகத்துல இந்த 'ஆல்ஃபா' விஷயத்தை எழுதி உலகம் பூரா பரப்பினவர். அப்புறம் காட்டுல திரியிற ஓநாய்களை வருஷக்கணக்கா பார்த்துட்டு, கூட்டம்னா அது அப்பா அம்மா பிள்ளைங்கதான், தலைமைச் சண்டை போட்டு ஜெயிச்ச ரவுடி எவனும் இல்லைன்னு 1999ல அவரே எழுதினார். பழைய புத்தகத்தை அச்சடிக்கிறதை நிறுத்துங்கன்னு பதிப்பாளர்கிட்ட பல வருஷம் கேட்டு, கடைசியா 2022ல நிறுத்த வெச்சார். சொன்ன ஆளே வாபஸ் வாங்கிட்டார். நம்ம ஆளு அதையே ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு வித்துட்டுப் போறார்.

சரி, அறிவியல் வேணாம், அனுபவம்தான் பேசணும்னு சொல்றவங்களுக்கு, மத்தவங்க அனுபவத்தோட கணக்கே இருக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குப் பிரச்சனைன்னு வந்த நாய்களோட சொந்தக்காரங்க 140 பேர்கிட்ட மெகன் ஹெரான் குழு கேள்வித்தாள் குடுத்து, 2009ல முடிவை வெளியிட்டாங்க. நாயை அடிச்சா உதைச்சா என்ன ஆச்சு, முறைச்சா என்ன ஆச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டிருக்காங்க. அதுல ஒரு கேள்வி அப்படியே நம்ம கேஸ்: வாயில இருக்கிறதை பலவந்தமா விட வெச்சீங்களா? செஞ்சவங்கள்ல 38 சதவீதம் பேரோட நாய் திருப்பித் தாக்க வந்திருக்கு. அடிச்சா உதைச்சா 43 சதவீதம். ஏற்கெனவே சிக்கல்னு ஆஸ்பத்திரி வந்த நாய்ங்கதான், எல்லா நாய்க்கும் இதே எண்ணுன்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒரு மாசமா மிரட்டி வெச்ச குட்டியும் சிக்கல் நாய்தானே? அது முன்னாடி ஒன்பது வயசுக் குழந்தையைக் கை விடச் சொல்றோம்.

உறுமலுக்கு அடிக்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை. உறுமுறது அவன் நமக்கு அடிக்கிற ஹார்ன். "கிட்ட வராதே, எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்றதுக்கு அவன்கிட்ட இருக்கிற ஒரே மரியாதையான வழி. அதை அடிச்சு நிறுத்தினா என்ன ஆகும்? ஹார்ன் மட்டும் நிக்கும், லாரி நிக்காது. பாப்பா கை வெச்சப்ப மணி உறுமவே இல்லை. "சத்தமே போடாம கடிச்சிடுச்சு, நம்ப முடியாத நாய்"னு எல்லாரும் சொன்னாங்க. சத்தம் போடாதேன்னு ஒரு மாசம் சொல்லிக் குடுத்தது யாரு?

எங்க பக்கத்து மாகறல் கோயில் தெரிஞ்சிருக்கும். சம்பந்தர் பாடின தலம். அங்க லிங்கம் உடும்பு வால் மாதிரி இருக்கும். பொன்னிற உடும்பை ராஜா துரத்த, அது புத்துக்குள்ள பூந்துக்கிச்சுன்னு தலபுராணம். 'உடும்புப்பிடி'ங்கிற வார்த்தை தமிழ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் கதையில கூட பாருங்க, துரத்தினதாலதான் அது புத்துக்குள்ள போச்சு. (தலபுராணத்தை நாய்க்கு இழுத்ததுக்கு ஆயா மன்னிக்கணும்.)

பொட்டி தட்டுறவன் பாஷையில சொன்னா இது ஒரு டெட்லாக். நீ பந்தைக் குடுத்தா நான் எறிவேன்னு நாம நிக்கிறோம். நீ எறிவேன்னு தெரிஞ்சாத்தான் குடுப்பேன்னு அவன் நிக்கிறான். ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் காத்துக்கிட்டு, சிஸ்டம் ஹேங். இதுல அவன் பக்கம் நியாயம் அதிகம். இதுவரைக்கும் அவன் வாயில இருந்து போன ஒரு பொருளாவது திரும்பி வந்திருக்கா? செருப்பு போச்சு, துண்டு போச்சு, பந்து போனா அதோட விளையாட்டும் போச்சு. "குடு"ன்னா அவன் அகராதியில 'இழப்பு'ன்னு அர்த்தம். திருப்பித் தராத சொந்தக்காரனுக்கு நீங்க ரெண்டாவது தடவை கடன் குடுப்பீங்களா?

ஆக, சொல்லிக் குடுக்க வேண்டியது பந்தை விடுறதை இல்லை. விட்டா திரும்பி வரும்ங்கிற நம்பிக்கையை.

பஞ்சாயத்துல ரெண்டு வாரம் வாய்தா வாங்கினேன். மேனேஜர்கிட்ட பேசி ரெண்டு வாரமும் வீட்டுல இருந்தே வேலை. பாப்பாவுக்கு ஒரே ஒரு சட்டம்: மணி வாயில எது இருந்தாலும் தொடக் கூடாது, என்னைக் கூப்பிடணும். சித்தப்பாவுக்கும் அதே சட்டம்தான், அவர்கிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்லை, சித்தி சொன்னாங்க.

முதல் ரெண்டு நாள் பந்தையே வெளிய எடுக்கலை. மணிக்கு அவ்வளவா ஆசை இல்லாத பொருள் ஒண்ணு, தேங்காய் மட்டை, அதைக் கடிச்சுக்கிட்டு இருப்பான். நான் ரெண்டு மூணு அடி தள்ளி நடந்து போவேன், வேகவெச்ச முட்டைத் துண்டு ஒண்ணைக் கீழ போடுவேன், திரும்பிப் பார்க்காம போயிடுவேன். மட்டையைத் தொட மாட்டேன். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை. மனுஷன் கிட்ட வந்தா எதையோ புடுங்குவான்னு ஒரு மாசமா பாடம் பண்ணினவனுக்கு, கிட்ட வந்தா ஏதோ கிடைக்கும்னு மாத்தி எழுதணும். முதல் நாள் உடம்பை விறைச்சுக்கிட்டு கடைக்கண்ணால பார்த்தான். ரெண்டாம் நாள் சாயந்திரம் நான் வர்றதைப் பார்த்ததும் மட்டையைப் போட்டுட்டு எழுந்து வந்தான். எனக்குக் கண்ணுல தண்ணி, நிஜமா. சிரிக்காதீங்க.

மூணாம் நாள் பந்து. ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒரே மாதிரி, ஒரே கலர், ஒரே கடை. இதுதான் மொத்த வித்தையும். வீட்டுக்கும் மாட்டுக் கொட்டாய்க்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, ரெண்டு பக்கமும் சுவரு. கடைசியில கேட். ஓடிப் போக இடமே கிடையாது, வந்தா என்கிட்டதான் வரணும். பத்தடி தூரம்தான் எறிவேன், மைதானத்துல எறியற மாதிரி வீசக் கூடாது. அவன் எடுத்துட்டு வர்றப்ப நான் அவன் வாயைப் பார்க்கிறதே இல்லை. கையில இருக்கிற ரெண்டாவது பந்தைத் தரையில தட்டி விளையாடுவேன், அது ஏதோ உலகத்துலயே பெரிய அதிசயம் மாதிரி. நாய்க்கு எப்பவும் அடுத்தவன் கையில இருக்கிற பந்துதான் நல்ல பந்து (நாய்க்கு மட்டுமா?). வாய் திறக்கும். முதல் பந்து விழும். விழுந்த அதே விநாடி ரெண்டாவதை எறிஞ்சிடணும். ஒரு விநாடி யோசிச்சீங்கன்னாலும் குனிஞ்சு பழைய பந்தை எடுத்துக்குவான்.

"விடு"ங்கிற வார்த்தையை முதல் நாலு நாள் சொல்லவே இல்லை. நம்மாளுங்க பண்ற பெரிய தப்பு இது. "விடு விடு விடு விடுடா சனியனே"ன்னு இருபது தடவை கத்துவோம், அவன் வாயை இறுக்கி வெச்சிருப்பான். அப்ப அவனைப் பொறுத்தவரைக்கும் 'விடு'ன்னா இறுக்கிப் பிடிக்கிறதுன்னு அர்த்தம் ஆயிடும். வாய் திறக்கப் போகுதுன்னு உறுதியா தெரியிற நேரத்துல ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரல்ல. மிலிட்டரிக் குரல் வேண்டாம். நடந்ததுக்குப் பேர் வைக்கிறோம், அவ்வளவுதான். நூறு தடவை நடந்த பிறகு அந்தப் பேரே வேலை செய்யும்.

ஒரு வாரம் கழிச்சு கையை உள்ள கொண்டு வந்தேன். வாய்க்குக் கீழ உள்ளங்கை, "விடு", பந்து கையில விழுது, உடனே முட்டைத் துண்டு, உடனே அதே பந்து திரும்ப அவனுக்கே. பத்துல ஒன்பது தடவை திரும்பக் குடுத்துடணும். "குடுத்ததையே திருப்பிக் குடுத்தா என்னடா பிரயோஜனம்?"னு அப்பா கேட்டார். பிரயோஜனமே அதுதான்ப்பா. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், நாளைக்கு நாலு தடவை. அவனுக்கு இன்னும் வேணும்னு இருக்கிறப்பவே நிறுத்திடணும். முற்றத்துக்கு மாறினப்ப பதினஞ்சடி நைலான் கயிறைக் கழுத்துப் பட்டையில கட்டி தரையில விட்டேன். இழுக்கிறதுக்கு இல்லை, என்னைத் துரத்த வைக்கிற வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு. அப்படியும் ஓடினா நான் எதிர்ப்பக்கம் ஓடுவேன். தெருவே பார்த்து சிரிச்சுது.

எக்ஸெல்ல குறிச்சு வெச்சேன் (வேற எப்படி?). மூணாம் நாள் இருபதுக்கு நாலு தடவை விட்டான். ஒன்பதாம் நாள் இருபதுக்கு பதிமூணு. பதினாலாம் நாள் பதினேழு. பதினொண்ணாம் நாள் மட்டும் ஏழுக்கு இறங்கிடுச்சு, அன்னிக்குக் கடைவாய்ப் பல் விழுந்திருந்தது. நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற காலம், ஈறு நமநமன்னு இருக்கும், கடிச்சுக்கிட்டே இருக்கத்தான் தோணும். வாயைப் பிளந்து அடிச்சோமே, இந்த ஈறு மேலதான்.

இப்ப எதிர்க்கட்சி வாதங்கள்.

"நாய்க்கு லஞ்சம் குடுத்து வேலை வாங்குறியே, முட்டை இல்லாத அன்னிக்கு?" அண்ணே, ஏப்ரல்ல இன்க்ரிமென்ட் லெட்டர் வரலைன்னா நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியும். லஞ்சம்னா முன்னாடி காட்டி வேலை வாங்குறது. சம்பளம்னா வேலை முடிச்ச பிறகு குடுக்கிறது. அதுவும் பத்து நாளுக்கு மேல முட்டை எப்பவாவதுதான், எறியற பந்தே சம்பளம் ஆயிடுச்சு. தீனி போட்டா எல்லாம் நடக்கும்னும் நான் சொல்லலை. ஸ்கின்னரோட மாணவர்கள் பிரேலண்ட் தம்பதி, பழக்கப்படுத்தின விலங்குகளை வெச்சுத் தொழிலே நடத்தினவங்க, 1961ல ஒரு கட்டுரையில தங்களோட தோல்விகளை வரிசையா எழுதினாங்க. காசை உண்டியல்ல போட ரக்கூனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. ஒரு காசு வரைக்கும் எப்படியோ சமாளிச்சுது. ரெண்டு காசு குடுத்ததும் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக்கிட்டே, உண்டியலுக்குள்ள விடுறதும் வெளிய எடுக்கிறதுமா, பழைய காலத்து வட்டிக்கடைக்காரர் மாதிரி கையை விட்டுப் பிரியவே விடலை. போட்டா தீனி உண்டுன்னு தெரிஞ்சும்! கையில இருக்கிறதை விடுறது ஒரு உயிருக்கு எவ்வளவு கஷ்டம்னு அந்த ஒரு ரக்கூன் போதும் புரிய வைக்க. கஷ்டமான வேலையைக் கேக்கறோம், பொறுமையா கேப்போம்.

"லேப்ரடார்னா தானா குடுக்கும், நாட்டு நாய்க்கு அறிவு கிடையாது." இந்த வாதம்தான் எனக்கு ரொம்ப எரிச்சல். லேப்ரடாரோட முன்னோரை மனுஷன் சுட்ட பறவையைக் கசக்காம தூக்கிட்டு வர்றதுக்குன்னே தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து வளர்த்தான். நம்ம சிப்பிப்பாறையையும் கன்னியையும் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்த்தோம். வேற வேற வேலைக்கு எடுத்த ஆளுங்க. டெஸ்டரை டிசைன் பண்ணச் சொல்லிட்டு முட்டாள்னு திட்டுவீங்களா? தூக்கிட்டு வர்ற குணமே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்துல எட்டு வாரத்து ஓநாய்க் குட்டிங்க முன்னாடி முன்பின் தெரியாத ஆள் பந்தை எறிஞ்சு பார்த்தாங்க, 2020ல வெளிவந்தது. பயிற்சியே இல்லாம பதிமூணுல மூணு குட்டி பந்தைத் தூக்கிட்டு வந்து குடுத்துது. ஓநாய்!

நம்ம தெரு நாய்க்கு அறிவு இருக்கான்னு பார்க்க, கொல்கத்தா ஐசர்ல அனிந்திதா பத்ராவோட குழு பல வருஷமா தெருவுல இறங்கி வேலை செய்யிறாங்க. ரெண்டு கிண்ணம் வெச்சு ஒண்ணைக் கையால சுட்டிக் காட்டினா புரியுதான்னு பார்த்தாங்க. கிட்ட வந்த நாய்ங்கள்ல சுமார் 80 சதவீதம் சரியா புரிஞ்சுக்கிட்டுது, எந்தப் பயிற்சியும் இல்லாம. சுமார் பாதி கிட்டவே வரலைங்கிறது வேற கதை, கல்லெறி வாங்கின அனுபவம். அதே குழு 2017ல காட்டினது இன்னும் சுவாரசியம்: முன்பின் தெரியாத மனுஷன் திரும்பத் திரும்ப வந்தப்ப, தீனி போட்டவனைவிட தடவிக் குடுத்தவன் மேலதான் தெரு நாய்க்கு நம்பிக்கை அதிகமா வந்தது. முதோல் நாய்ங்களை 2016லேயே மீரட்டுல ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கிச்சு. நம்ம நாயால முடியாதுன்னு சொல்றவங்க, நம்மால முடியாதுங்கிறதைத்தான் சுத்தி வளைச்சு சொல்றீங்க.

"எவ்வளவு அடிச்சாலும் நாய் நன்றி மறக்காது." ஆமாம், நாலடியார்லயே இருக்கு. யானை பழகின பாகனையே கொல்லும், நாயோ எஜமானன் எறிஞ்ச வேல் உடம்புல நிக்கிறப்பவும் வாலாட்டும்னு. நட்புக்கு உதாரணமா சொன்னது. அதை நாம வேல் எறியறதுக்கு லைசென்ஸா படிச்சுட்டோம். ஸ்கூல்ல சேர்க்கிறப்ப "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சுடுங்க சார்"னு வாத்தியார்கிட்ட சொல்லிட்டு வந்த பரம்பரைதானே. என்னையும் அப்படித்தான் சேர்த்தாங்க. கணக்கு வந்தது, அடிச்சதாலன்னு இன்னிக்கு வரைக்கும் அப்பா நம்புறார். அடிக்கு பயந்து நான் மறைச்ச ரேங்க் கார்டுகள் பரண்ல இருக்கிறது அவருக்குத் தெரியாது. கட்டிலுக்கு அடியில பந்தோட போய் ஒளிஞ்சவனைப் பார்த்தப்ப அந்தப் பரண்தான் ஞாபகம் வந்தது.

கடைசியா அந்தத் தீர்ப்பு. "ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வா." ரொம்ப சாதாரணமா சொல்றோம், கொன்னுடுன்னு சொல்ல வாய் கூசுறதால. பத்ரா குழுவே தெருவுல பொறந்த 364 குட்டிங்களைத் தொடர்ந்து பார்த்து 2016ல எழுதினாங்க. ஏழு மாசத்தைத் தாண்டினது சுமார் 19 சதவீதம்தான். செத்ததுல 63 சதவீதத்துக்கு மனுஷங்க ஏதோ ஒரு விதத்துல காரணம். அது தெருவுலயே பொறந்து தெரு தெரிஞ்ச குட்டிங்க கணக்கு. திண்ணையில தூங்கிப் பழகினவனை முன்பின் தெரியாத ஊர் நாய்ங்க எல்லைக்குள்ள இறக்கி விட்டா? அவனுக்கு அங்க போக ஒரு இடம் கிடையாது, பயத்துல இன்னொரு குழந்தையைக் கடிப்பான், அது இன்னொரு வீட்டுப் பாப்பா. சட்டத்துல இது குற்றம்தான். 1960ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டம், பதினோராவது பிரிவு, அடிக்கிறதும் கைவிடுறதும் ரெண்டும் அதுல வரும். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாய்க்குக் குறையாம, ஐம்பது ரூபாய் வரைக்கும். எப்பவோ போட்ட தொகை, இன்னும் அதேதான். நான் வாங்கின ரெண்டு பந்தோட விலை அறுபது ரூபாய்.

வாய்தா முடிஞ்ச ஞாயித்துக்கிழமை மறுபடி திண்ணை கூடினது. பாப்பா என் பக்கத்துல உக்காந்து, கையில ஒண்ணும் எடுக்காம, நான் சொன்ன தூரத்துல இருந்து பந்தை எறிஞ்சா. நாலு ஊசியில மூணு முடிஞ்சிருந்தது, ஒண்ணு பாக்கி. மணி கொண்டு வந்து ரெண்டடி தள்ளி போட்டான். பாப்பா "விடு"ன்னு சொன்னது போட்ட பிறகுதான், பரவாயில்லை. அம்மா ஒண்ணும் பேசாம உள்ள போய் அவனுக்கு மோர்சாதம் கொண்டு வந்தாங்க. ஆயா, "இன்னாத்துக்குடா இத்தினி முட்டை, எனக்கு ஒண்ணு வெச்சியா?"ன்னு கேட்டாங்க.

செருப்பு விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கு. செருப்புக்கு ரெண்டாவது செருப்பு காட்டினா ரெண்டையும் தூக்கிட்டுப் போறான். இப்போதைக்கு செருப்பை மேல வைக்கிறோம். நாலஞ்சு வயசு நாய்க்கு இதே முறை எவ்வளவு நாள் பிடிக்கும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, பக்கத்துத் தெருவுல ஒரு கேஸ் இருக்கு.

சித்தப்பா அன்னிக்குத் திண்ணை ஓரத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். கடைசியா ஒரு தடவை மணி பந்தை எடுத்துட்டு என்னைத் தாண்டிப் போய் அவர் காலுகிட்ட வெச்சுட்டு நின்னான். அவர் பேப்பரை இறக்கலை. ரெண்டு நிமிஷம் கழிச்சு காலால லேசா தள்ளி விட்டார்.

டிஸ்கி: தீனியா குடுக்கிறதுல வெங்காயம், சாக்லேட், திராட்சை மூணும் நாய்க்கு விஷம், தொடவே தொடாதீங்க. கருவாடு உப்பு அதிகம். வேகவெச்ச முட்டை, வேகவெச்ச ஈரல் சின்னத் துண்டா போதும். பந்து தொண்டைக்குள்ள போற சைஸ்ல இருக்கக் கூடாது. வாயில கோழி எலும்பு மாதிரி ஏதாவது இருந்தா அப்பவும் புடுங்காதீங்க, கைநிறைய தீனியைத் தரையில இறைச்சு விட்டு, அவன் அதைப் பொறுக்குறப்ப எடுத்துடுங்க.